லாஸ் வேகஸ், 2020: ஆறு வேட்பாளர்களை எடைபோட்ட கணக்கும் அது பிசகிய இடமும்

அமெரிக்காவில் தேர்தல் விவாதம் என்றால், அதற்கு முந்தைய நாள் எல்லாத் தொலைக்காட்சிகளிலும் ஒரே காட்சிதான். வேட்பாளரின் படம் ஒருபுறம். மறுபுறம் பலம் என்று நாலு வரி, பலவீனம் என்று நாலு வரி. அனுபவம் உண்டு, வயது அதிகம். பணம் உண்டு, மக்களோடு ஒட்டுதல் இல்லை. பேச்சு உண்டு, பதவி வகித்த வரலாறு போதாது. இந்தப் பட்டியல்களில் தகவல் பிழை அபூர்வம். ஆனாலும் மறுநாள் இரவு மேடையில் நடப்பது பட்டியலை விட்டு விலகிப் போய்விடுகிறது.

அப்படி விலகியதில் நான் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்ப்பது 2020 பிப்ரவரி 19, புதன்கிழமை, லாஸ் வேகஸில் நடந்த ஜனநாயகக் கட்சி விவாதம். மேடையில் இருந்த ஆறு பேரின் குறைகளும் அதற்கு முன்பே அச்சில் வந்தவைதான். புதிதாக யாரும் எதையும் தோண்டி எடுக்கவில்லை. அப்படியிருந்தும் இரண்டு மணி நேரத்தில் ஒருவரின் பல மாத உழைப்பும் பல கோடி டாலரும் கரைந்தன. அதனால் லாபம் அடைந்தவர், அன்றிரவு யாருமே பெரிதாகக் கவனிக்காத இன்னொருவர். காரணம் எளிது என்பது என் கணிப்பு. ஒருவருக்கு என்ன குறை இருக்கிறது என்று எண்ணினார்களே தவிர, அந்தக் குறையைத் தொட வேண்டிய அவசியம் யாருக்கு, தொடும் தகுதி யாருக்கு என்று எண்ணவில்லை.

களம்

அங்கே அதிபர் வேட்பாளரைக் கட்சித் தலைமை அறிவிப்பதில்லை. மாநிலம் மாநிலமாகக் கட்சி ஆதரவாளர்கள் வாக்களித்து மாநாட்டுப் பிரதிநிதிகளைப் பங்கிடுகிறார்கள். சில மாநிலங்களில் அது வாக்குச்சாவடியில் நடக்கும் பிரைமரி. சிலவற்றில் ஊர்க்கூட்டம் போலக் கூடி ஆதரவைக் காட்டும் காக்கஸ். 2020இல் ஜனநாயகக் கட்சியில் அப்படிப் பங்கிட வேண்டிய பிரதிநிதிகள் 3,979 பேர். முதல் சுற்றிலேயே வேட்பாளராக 1,991 பேரின் ஆதரவு தேவை. ஒரு மாநிலத்தில் 15 சதவீதத்தைத் தொடாதவருக்கு அங்கே பெரும்பாலும் கை நிறையக் காற்றுதான்.

பிப்ரவரி 3 அன்று அயோவா காக்கஸ். முடிவுகளைத் தெரிவிக்க வைத்திருந்த செயலி காலை வாரிவிட, நாள் கணக்கில் குழப்பம். கடைசியில் பீட் புட்டிஜெஜுக்கு 14 பிரதிநிதிகள், வெர்மான்ட் செனட்டர் பெர்னி சாண்டர்ஸுக்கு 12; மொத்த வாக்கில் சாண்டர்ஸ் முன்னிலை. முன்னாள் துணை அதிபர் ஜோ பைடன் நான்காவது. பிப்ரவரி 11இல் நியூ ஹாம்ப்ஷயர்: சாண்டர்ஸ் 25.6 சதவீதம், புட்டிஜெஜ் 24.3, ஏமி குளோபுச்சர் 19.7. மாசசூசெட்ஸ் செனட்டர் எலிசபெத் வாரன் 9.2 சதவீதத்தில் நின்றுவிட்டார். பைடன் 8.4 சதவீதத்துடன் ஐந்தாவது. முடிவு வரும்வரைகூடக் காத்திருக்காமல் அன்றிரவே தென் கரோலினாவுக்குக் கிளம்பிவிட்டார்.

அடுத்த நிறுத்தம் நெவாடா. முதல் இரண்டு மாநிலங்களும் பெரும்பாலும் வெள்ளையர்கள் வாழ்பவை. நெவாடாவில் ஸ்பானிய வம்சாவளியினர் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. லாஸ் வேகஸ் சூதாட்ட விடுதிகளில் சமைப்பவர்கள், அறை சுத்தம் செய்பவர்கள், பரிமாறுபவர்கள் என 60,000 உறுப்பினர்களைக் கொண்ட சமையல் தொழிலாளர் சங்கம் அங்கே ஒரு பெரும் சக்தி. காக்கஸ் பிப்ரவரி 22, சனிக்கிழமை. விவாதம் அதற்கு மூன்று நாள் முன்பு.

இந்த நேரத்தில்தான் மைக்கேல் புளூம்பெர்க் மேடை ஏறினார். நியூயார்க்கின் முன்னாள் மேயர். சொத்து சுமார் 6,000 கோடி டாலர். 2019 நவம்பர் 24இல் தாமதமாகப் போட்டிக்கு வந்தவர், முதல் நான்கு மாநிலங்களையும் விட்டுவிட்டு, 14 மாநிலங்கள் ஒரே நாளில் வாக்களிக்கும் மார்ச் 3, சூப்பர் செவ்வாயைக் குறிவைத்தார். விவாத நாளுக்குள் விளம்பரத்துக்கு மட்டும் 40 கோடி டாலருக்கு மேல் இறைத்திருந்தார். நன்கொடை வாங்க மாட்டேன் என்றதால் பழைய விதிப்படி அவருக்கு விவாதத்தில் இடமே இல்லை. இத்தனை பேரிடம் நன்கொடை பெற்றிருக்க வேண்டும் என்ற நிபந்தனை ஒன்று இருந்தது. ஜனவரி 31இல் கட்சி அதை நீக்கியது. விவாதத்துக்கு முந்தைய நாள் வந்த ஒரு தேசியக் கருத்துக்கணிப்பில் 19 சதவீதம் கிடைக்க, நுழைவு உறுதியானது. மற்றவர்களுக்கு இது எத்தனை எரிச்சலாக இருந்திருக்கும் என்பதை எடைபோட்டவர்கள் குறைத்தே மதித்தார்கள் என்று நினைக்கிறேன். ஓராண்டுக்கு மேல் அயோவாப் பனியில் வீடு வீடாகப் போனவர்கள் அவர்கள்.

முந்தைய நாள் கணக்கு

புளூம்பெர்க்கின் பலங்களில் முதலாவது பணம். 12 ஆண்டுகள் ஒரு பெருநகரத்தை நிர்வகித்த அனுபவம், துப்பாக்கிக் கட்டுப்பாட்டுக்கும் பருவநிலை மாற்றத்துக்கும் கொடுத்த பெருந்தொகைகள், ‘டிரம்பைத் தோற்கடிக்க இவரால்தான் முடியும்’ என்று விளம்பரங்கள் ஊட்டிவிட்ட நம்பிக்கை ஆகியவை அடுத்து வரும்.

குறைகளின் பட்டியல் இதைவிட நீளம். சாலையில் போகிறவரைச் சந்தேகத்தின் பேரில் நிறுத்திச் சோதனையிடும் காவல்துறை நடைமுறை அவர் மேயராக இருந்தபோது உச்சம் தொட்டது. 2011இல் மட்டும் சுமார் 6.85 லட்சம் பேர் அப்படி நிறுத்தப்பட்டார்கள். பெரும்பாலானவர்கள் கறுப்பினத்தவரும் ஸ்பானிய வம்சாவளியினரும். பத்தில் ஒன்பது பேர் மீது எந்த நடவடிக்கைக்கும் முகாந்திரம் இல்லை. 2013இல் கூட்டாட்சி நீதிமன்றம் அந்த நடைமுறையை அரசியல் சட்டத்துக்கு விரோதமானது என்றது. அதன் பிறகும் பல ஆண்டுகள் அதை நியாயப்படுத்திவந்தவர், போட்டியில் குதிப்பதற்குச் சரியாக ஒரு வாரம் முன்பு புரூக்ளினில் ஒரு தேவாலயத்தில் நின்று மன்னிப்புக் கேட்டார். அதே நடைமுறையைக் கடுமையான சொற்களில் ஆதரித்து 2015இல் அவர் பேசிய ஒலிப்பதிவு, விவாதத்துக்கு ஒரு வாரம் முன்பு மறுபடி வெளியானது. அவருடைய நிறுவனத்தில் புகார் செய்த பெண்கள் சிலர், வெளியே பேசக்கூடாது என்ற ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டிருந்தனர். ஜனநாயகக் கட்சி, குடியரசுக் கட்சி, சுயேச்சை, மீண்டும் 2018இல் ஜனநாயகக் கட்சி என்று அவர் கட்சி மாறிய கதை வேறு.

இவை எல்லாமே பட்டியல்களில் இருந்தன. ஆனால் பெரும்பாலானவர்கள் கோட்டைவிட்ட ஒரு வரி உண்டு: அவர் கடைசியாக ஒரு தேர்தல் விவாதத்தில் நின்றது 2009இல். மற்ற ஐவரும் முந்தைய எட்டு மாதங்களாக மேடை மேடையாக அடி வாங்கி, அடி கொடுத்துப் பழகியிருந்தார்கள்.

சாண்டர்ஸைப் பொறுத்தவரை, நெவாடாவில் அவர் முன்னணியில் இருந்தார். அசையாத ஆதரவாளர் படை, சிறு நன்கொடைகளால் நிறையும் கஜானா, ஸ்பானிய மொழி பேசும் இளைஞர்கள் ‘பெர்னி மாமா’ என்று அழைக்கும் அளவுக்கு அங்கே போட்டிருந்த அடித்தளம். குறைகள்: வயது 78. 2019 அக்டோபரில் இதே லாஸ் வேகஸில் மாரடைப்பு வந்து, இரத்தக் குழாயில் இரண்டு ஸ்டென்ட் வைத்தார்கள். ஜனநாயக சோஷலிஸ்ட் என்று தாமே சூட்டிக்கொண்ட பெயர் ஒரு குறை. எல்லாருக்கும் அரசே மருத்துவக் காப்பீடு என்ற அவரது திட்டம் வந்தால், சமையல் தொழிலாளர் சங்கம் போராடிப் பெற்ற சொந்த மருத்துவக் காப்பீடு போய்விடும் என்று சங்கமே துண்டறிக்கை விநியோகித்தது. முன்னணியில் இருப்பவர் மீதுதான் எல்லாரும் பாய்வார்கள். அதனால் சாண்டர்ஸுக்கே அந்த இரவு ஆபத்து என்பது பரவலான எதிர்பார்ப்பு. புளூம்பெர்க்கின் பிரசாரக் குழுவும் சாண்டர்ஸை மறிக்கத் தங்களால்தான் முடியும், மற்ற மிதவாதிகள் விலக வேண்டும் என்ற பேச்சைப் பரப்பிக்கொண்டிருந்தது.

வாரனைப் பலரும் ஓரங்கட்டிவிட்டிருந்தார்கள். 2019 இலையுதிர் காலத்தில் முன்னணியில் இருந்தவர். மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்துக்குப் பணம் எங்கிருந்து வரும் என்ற கேள்வியில் சறுக்கியவர். ஜனவரி முடிவில் அவரது பிரசாரக் கணக்கில் மிஞ்சியது சுமார் 23 லட்சம் டாலர். பிப்ரவரி 7, நியூ ஹாம்ப்ஷயர் விவாதத்தில் யாரையும் தாக்காமல், கட்சியை ஒன்றுசேர்ப்பவர் என்ற தோரணையில் ஒதுங்கி நின்றார். அதற்கு வாக்காளர் கொடுத்த பரிசு அந்த 9.2 சதவீதம். எனவே ‘நிதானமானவர், வேகம் இல்லை’ என்று அவரைப் பற்றி எழுதினார்கள்.

இங்கேதான் கணக்கு பிசகியது. சென்ற மேடையில் அவர் காட்டிய குணத்தை எழுதினார்களே தவிர, இந்த மேடையில் அவருக்கு இருந்த நெருக்கடியை எழுதவில்லை. இழப்பதற்கு ஒன்றுமில்லாதவர். 16 வயதில் விவாதத் திறமைக்காகவே கல்லூரி உதவித்தொகை பெற்றவர். திவால் சட்டத்தில் பேராசிரியராக இருந்து, ஒப்பந்தங்களின் பொடி எழுத்தைப் படிப்பதையே தொழிலாகக் கொண்டவர். பெருஞ்செல்வர்களுக்கு வரி என்பதையே கொடியாகப் பிடித்தவர். எதிரே ஒரு பெருஞ்செல்வர், பெண்கள் கையெழுத்திட்ட ஒப்பந்தங்களோடு வந்து நிற்கிறார். இத்தனையும் ஒரே இடத்தில் கூடுவது அரிது.

பைடனுக்குத் தென் கரோலினாவின் கறுப்பின வாக்காளர்களே ஒரே நம்பிக்கை. அதுவரை தாக்குப்பிடிப்பாரா என்பது மட்டுமே கேள்வி. வயது 77; இரண்டு தோல்விகள்; பேச்சில் தடுமாற்றம். புட்டிஜெஜ் 38 வயது முன்னாள் மேயர், சொல் தேர்ந்தவர். ஆனால் கறுப்பின வாக்காளர்களிடம் அவருக்கு ஏறக்குறைய ஆதரவே இல்லை. மினசோட்டா செனட்டர் குளோபுச்சர் நியூ ஹாம்ப்ஷயர் விவாதத்தில் நன்றாகப் பேசியே மூன்றாம் இடத்துக்கு ஏறியவர். ஆனால் நெவாடாவுக்கு வந்ததும் ஒரு ஸ்பானிய மொழித் தொலைக்காட்சிப் பேட்டியில் மெக்சிகோ அதிபரின் பெயரைச் சொல்லத் தெரியாமல் விழித்தார். அதுவும் அந்த மாநிலத்தில். இந்த இருவரும் ஒரே மிதவாத வாக்குக்காக ஒருவரை ஒருவர் முறைத்துக்கொண்டிருந்தார்கள்.

மேடையில்

பாரிஸ் லாஸ் வேகஸ் விடுதியின் அரங்கம். விவாதத்தை நடத்தியவர்களில் ஒருவரான லெஸ்டர் ஹோல்ட் முதல் கேள்வியைச் சாண்டர்ஸிடம் வீசினார். அவர் நிறுத்திச் சோதனை விவகாரத்தைத் தொட்டுப் புளூம்பெர்க்கைச் சீண்டினார். புளூம்பெர்க் பதில் சொன்னார்: உங்களால் டிரம்பை வெல்ல முடியாது. இதுவரை எதிர்பார்த்தபடியே.

அடுத்தது வாரன். நாம் யாரை எதிர்த்துப் போட்டியிடுகிறோம் என்று பேச விரும்புகிறேன் எனத் தொடங்கி, பெண்களைக் கொச்சையான பெயர்களால் குறிப்பிட்ட ஒரு பெருங்கோடீஸ்வரரை எதிர்த்து என்று அந்தச் சொற்களை அப்படியே மேற்கோள் காட்டினார். நான் டிரம்பைச் சொல்லவில்லை, மேயர் புளூம்பெர்க்கைச் சொல்கிறேன் என்று முடித்தார். விவாதம் தொடங்கி ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது. டிரம்பை வீழ்த்தக்கூடியவர் என்ற புளூம்பெர்க்கின் ஒரே வாதத்தை அந்த ஒரு வாக்கியம் திருப்பிப் போட்டது. இவரே இன்னொரு டிரம்ப் என்றால் இவர் எதற்கு?

ஆனால் காயம் அந்த வாக்கியத்தில் ஏற்படவில்லை. பெண்கள் புகார்கள் பற்றிய கேள்வி வந்தபோது ஏற்பட்டது. தம் அறக்கட்டளையை நடத்துபவர் ஒரு பெண், அங்கே 70 சதவீதம் பெண்கள் என்று புளூம்பெர்க் தொடங்கினார். நான் சில பெண்களிடம் நன்றாக நடந்துகொண்டேன் என்பதுதான் இவருடைய பதில், கேட்டீர்களா என்று வாரன் அரங்கத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டு, நேரே அவரிடம் திரும்பினார். அந்தப் பெண்களை ஒப்பந்தத்திலிருந்து விடுவிப்பீர்களா? எத்தனை ஒப்பந்தங்கள்? மிகச் சிலதான் என்றார் புளூம்பெர்க். அவர்கள் பெரிதாக எதுவும் குற்றம் சாட்டவில்லை, நான் சொன்ன ஏதோ ஒரு ஜோக் பிடிக்காமல் போயிருக்கலாம் என்றார். அரங்கம் முனகியது. வாரன் விடவில்லை. அவர்கள் பேசலாம் என்று இப்போதே சொல்வீர்களா? இரு தரப்பும் ஒப்புக்கொண்ட ஒப்பந்தம், அப்படியே இருக்கட்டும் என்று மறுத்தார். பைடனும் சேர்ந்துகொண்டு, விடுவித்துவிட வேண்டியதுதானே என்றார்.

ஒரு வழக்கறிஞர் சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்யும் முறை அது. ஆமாம் என்றால் ஒரு சிக்கல், இல்லை என்றால் இன்னொரு சிக்கல், எத்தனை என்று எண்ணிக்கை சொன்னால் மறுநாள் தலைப்புச் செய்தி. தயாரிப்பு இருந்திருந்தால் பதில் கஷ்டமில்லை. இரண்டு நாள் கழித்து அவரே மூன்று பெண்களின் பெயரால் இருந்த ஒப்பந்தங்களை விடுவிப்பதாக அறிவித்தாரே, அதை மேடையில் சொல்லியிருக்கலாம். மறுநாள் ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சியில் வாரன், தாமே எழுதிய விடுவிப்பு ஒப்பந்தத்தை வரி வரியாக வாசித்துக் காட்டினார். பேராசிரியை விடுமுறை எடுப்பதில்லை.

நிறுத்திச் சோதனை பற்றிய பதிலும் சறுக்கல்தான். அளவு மீறிப் போனதை அறிந்ததும் 95 சதவீதம் குறைத்தோம் என்றார். அது நீதிமன்ற வழக்கின் நெருக்கடியில் நடந்தது. விளைவு எப்படி ஆனது என்பதல்ல, எந்த நோக்கத்தில் அது வடிவமைக்கப்பட்டது என்பதே கேள்வி என்று வாரன் மடக்கினார். வருமான வரி விவரத்தை ஏன் வெளியிடவில்லை என்றதற்கு, என் கணக்குக்கு டர்போடாக்ஸ் போதாது என்றார். சாதாரணக் குடும்பங்கள் வரிக் கணக்கைத் தாக்கல் செய்யப் பயன்படுத்தும் மென்பொருள் அது. இந்த மேடையில் ஒரு தொழிலைத் தொடங்கியவர் நான் ஒருவன்தான், சரிதானே என்று மற்றவர்களைப் பார்த்துக் கேட்டபோது யாரும் வாய் திறக்கவில்லை.

முழுவதும் தோல்வி என்றும் சொல்ல முடியாது. நாட்டின் மிகப் பிரபலமான சோஷலிஸ்ட் மூன்று வீடு வைத்திருக்கும் மில்லியனர் என்று சாண்டர்ஸைக் குத்தியது அரங்கில் எடுபட்டது. வாஷிங்டனில் வேலை, அங்கே ஒன்று. பர்லிங்டனில் வாழ்க்கை, அங்கே ஒன்று. வெர்மான்ட்காரர்கள் ஆயிரக்கணக்கானோரைப் போல எனக்கும் ஒரு கோடைக் குடில் என்று சாண்டர்ஸ் விரல் மடக்கி எண்ண வேண்டியதாயிற்று. ஆனால் சாண்டர்ஸுக்கு அன்று எதிர்பார்த்த அடி விழவே இல்லை. மாரடைப்பு பற்றிய கேள்வி வந்தபோதுகூட, எனக்கும் மேயருக்கும் உள்ள ஒற்றுமை இரண்டு ஸ்டென்ட் என்றார். அது 25 ஆண்டுக்கு முன்பு என்று புளூம்பெர்க் பதறி விளக்கினார். மாரடைப்பு வந்தவர் சிரித்தார்; வராதவர் விளக்கம் கொடுத்துக்கொண்டிருந்தார்.

புட்டிஜெஜும் குளோபுச்சரும் மெக்சிகோ அதிபர் பெயருக்காக மோதிக்கொண்டார்கள். என்னை முட்டாள் என்கிறீர்களா, கேலி செய்கிறீர்களா பீட் என்று குளோபுச்சர் பொரிந்தார். குளோபுச்சரின் மருத்துவத் திட்டம் ஒரு போஸ்ட்-இட் ஒட்டுத்தாளில் எழுதியதைப் போன்றது என்று வாரன் கிண்டல் செய்ய, அந்தத் தாள் எங்கள் மாநிலத்தில் கண்டுபிடித்தது என்று வந்தது பதில். சுவையான சண்டைதான். எண்ணிப் பார்த்தால் இருவருக்கும் நஷ்டம்.

சுமார் 2 கோடிப் பேர் பார்த்தார்கள். அதுவரை நடந்த ஜனநாயகக் கட்சிப் பிரைமரி விவாதங்களில் அதுவே அதிகம்.

அவசியம், தகுதி

புளூம்பெர்க்கைத் தாக்கும் காரணம் ஐவருக்கும் இருந்தது. ஆனால் யாருக்கு எவ்வளவு? சாண்டர்ஸுக்கு அவர் ஒரு வரம். பணக்காரர்கள் தேர்தலை விலைக்கு வாங்குகிறார்கள் என்று 30 ஆண்டுகளாகச் சொல்லிவந்தவருக்கு எதிரே சாட்சியே வந்து நின்றது. அவர் மேடையில் இருக்கும்வரை சாண்டர்ஸுக்கு லாபம். புட்டிஜெஜுக்கு இரண்டு பேரையும் சேர்த்து அடிக்க வேண்டும். முதலாளித்துவமே எல்லாத் தீமைக்கும் வேர் என்கிற சோஷலிஸ்ட், பணமே எல்லா அதிகாரத்துக்கும் வேர் என்கிற கோடீஸ்வரர் என்று அழகாகவே சொன்னார். ஆனால் இரண்டு பக்கமும் வீசிய அடி எந்தப் பக்கமும் ஆழமாக விழவில்லை. பைடனின் இடத்தைத்தான் புளூம்பெர்க் நேரடியாகப் பறித்துக்கொண்டிருந்தார். அவசியம் மிகுந்தவர் அவர். ஆனால் ஒப்பந்தத்தின் பொடி எழுத்தைப் பிடித்து உலுக்கும் வழக்கறிஞர் குணம் அவருடைய மேடைப் பேச்சில் இல்லை. அவசியமும் தகுதியும் ஒருங்கே இருந்தவர் வாரன் மட்டுமே. கருத்துக்கணிப்பில் பின்தங்கியவர் என்று ஓரமாக வைக்கப்பட்டவரும் அவரே.

சாண்டர்ஸின் குறையாகச் சொல்லப்பட்ட சங்க விவகாரமும் இதே மாதிரிதான். தலைமை துண்டறிக்கை போட்டது உண்மை. காக்கஸ் அன்று சூதாட்ட விடுதிகளுக்குள்ளேயே தொழிலாளர்களுக்கென்று வைத்த சாவடிகளில் பெரும்பாலானவற்றைச் சாண்டர்ஸே வென்றார். தனக்குக் காப்பீடு இருக்கிறது, தன் தங்கைக்கு இல்லையே என்ற எண்ணம் தொழிலாளிக்கு இருக்கலாம் என்பது துண்டறிக்கையில் இல்லை.

பலன் யாருக்கு

வாரன் வென்றார் என்று மறுநாள் எல்லாப் பத்திரிகைகளும் எழுதின. நன்கொடை குவிந்தது. ஆனால் நெவாடாவில் அவர் நான்காவது. இதில் புதிர் ஒன்றும் இல்லை. முன்கூட்டிய வாக்களிப்பு பிப்ரவரி 15 முதல் 18 வரை நடந்து முடிந்திருந்தது. மொத்தம் பங்கேற்ற சுமார் 1,05,000 பேரில் ஏறக்குறைய 75,000 பேர் விவாதத்துக்கு முன்பே வாக்கைச் செலுத்திவிட்டார்கள். அதோடு புளூம்பெர்க் நெவாடா வாக்குச்சீட்டிலேயே இல்லை. அந்த மாநிலத்தில் போட்டியிடாத ஒருவரை, பெரும்பாலோர் வாக்களித்து முடித்த பிறகு வீழ்த்தியிருக்கிறார் வாரன். விவாத நாளைத் தேர்தல் நாட்காட்டியோடு சேர்த்துப் பார்க்காத எடைபோடலை நான் மதிப்பதே இல்லை.

நெவாடாவைச் சாண்டர்ஸ் சுமார் 47 சதவீதத்தோடு அள்ளினார். பைடன் இரண்டாமிடம், 20 சதவீதம். நான்காவது, ஐந்தாவது என்று வந்தவருக்கு அது மூச்சு. பிப்ரவரி 26இல் தென் கரோலினாவின் செல்வாக்கு மிக்க கறுப்பினத் தலைவர் ஜிம் கிளைபர்ன் அவரை ஆதரித்தார். 29இல் பைடன் 48 சதவீதத்துக்கு மேல் பெற்று வென்றார். புட்டிஜெஜ் மார்ச் 1இலும் குளோபுச்சர் மார்ச் 2இலும் விலகி அவர் பக்கம் வந்தனர். மார்ச் 3இல் 14 மாநிலங்களில் 10 பைடனுக்கு. புளூம்பெர்க் வென்றது அமெரிக்கன் சமோவா மட்டும். மறுநாளே விலகிப் பைடனை ஆதரித்தார். பல மாநிலங்களில் அந்த 15 சதவீதக் கோட்டைத் தொட அவர் திணறினார். வாரனுக்குச் சொந்த மாநிலமான மாசசூசெட்ஸிலேயே மூன்றாம் இடம். அங்கே முதலிடம் பைடனுக்கு. மார்ச் 5இல் அவரும் விலகினார்.

இடித்தவள் புடைத்தவள் இங்கே இருக்க, எட்டிப் பார்த்தவள் கொட்டிக்கொண்டு போனாளாம். பைடனை உயர்த்தியது லாஸ் வேகஸ் மட்டுமே என்று சொல்ல மாட்டேன். கிளைபர்ன் இல்லாமல் அது நடந்திருக்காது. ஆனால் பைடன் தேறமாட்டார் என்று பயந்த மிதவாதிகளுக்கு அதுவரை இன்னொரு புகலிடம் இருந்தது. அந்த இரவுக்குப் பிறகு அங்கே ஒதுங்க யாருக்கும் தைரியம் வரவில்லை.

அடித்தவருக்குப் பலன் வராமல் போவது ஒருமுறை நடந்ததல்ல. 2016 பிப்ரவரி 6, நியூ ஹாம்ப்ஷயரில் குடியரசுக் கட்சி விவாதம். மனப்பாடம் செய்த ஒரே வாக்கியத்தை மார்கோ ரூபியோ திரும்பத் திரும்பச் சொல்ல, கிறிஸ் கிறிஸ்டி அதை மேடையிலேயே சுட்டிக்காட்டிச் சந்தி சிரிக்க வைத்தார். மூன்று நாள் கழித்து ரூபியோ ஐந்தாவது. அடித்த கிறிஸ்டி ஆறாவது. அடுத்த நாளே போட்டியிலிருந்து வெளியே. அந்த மாதமே டிரம்பை ஆதரித்து மேடை ஏறினார். 2019 ஜூன் 27, மயாமியில் கமலா ஹாரிஸ், பள்ளிப் பேருந்துகளின் மூலம் இன ஒதுக்கலைக் களையும் திட்டத்தைப் பைடன் ஒரு காலத்தில் எதிர்த்ததை எடுத்துப் போட்டு அவரைத் திணறடித்தார். சென்னையிலிருந்து போன சியாமளா கோபாலனின் மகள் என்பதால் நம் ஊரிலும் அன்று ஒரே கொண்டாட்டம். கருத்துக்கணிப்பில் ஏறியவர் சில வாரங்களில் இறங்கினார். டிசம்பர் 3இல், ஒரு வாக்கும் பதிவாகும் முன்பே, பணமில்லை என்று விலகினார்.

லாஸ் வேகஸ் மேடையின் கடைசிக் கேள்வியை அன்று பலர் கவனிக்கவில்லை. யாருக்கும் பெரும்பான்மை கிடைக்காவிட்டால், அதிகப் பிரதிநிதிகளை வைத்திருப்பவரையே வேட்பாளராக்கலாமா என்று கேட்டார்கள். சாண்டர்ஸ் மட்டும் ஆம் என்றார். மற்ற ஐவரும் விதிப்படி நடக்கட்டும் என்றார்கள். ஐவரும் சாண்டர்ஸுக்கு எதிரே ஒரே பக்கம் நிற்கத் தயார் என்று வெளிப்படையாகச் சொன்ன தருணம் அது. ஆனால் அதுவரை இரண்டு மணி நேரம் அவர்கள் ஒருவரை ஒருவர் குதறிக்கொண்டிருந்தார்கள். பலம், பலவீனம் என்று ஆறு பெட்டிகள் போட்டவர்களுக்கு, ஐந்து பெட்டிகளை இணைக்கும் இந்தக் கோடு தெரியவில்லை. இரண்டு வாரத்தில் நான்கு பெட்டிகள் ஒன்றாகிவிட்டன.

மார்ச் 15இல் வாஷிங்டனில் நடந்த விவாதத்தில் பைடனும் சாண்டர்ஸும் மட்டும். கொரோனாவால் பார்வையாளர் இல்லை. கைகுலுக்கலுக்குப் பதில் முழங்கை. என் துணை அதிபர் வேட்பாளர் ஒரு பெண்ணாக இருப்பார் என்று அங்கே பைடன் வாக்குக் கொடுத்தார். பரிசீலித்த பெயர்களில் வாரனும் இருந்தார். ஆகஸ்ட் 11இல் அறிவித்த பெயர், மேடையில் தம்மைத் திணறடித்த கமலா ஹாரிஸுடையது. அடித்தவருக்குப் பலன் வருவதில்லை என்று மேலே நான் சொன்னதற்கு இது ஒன்று ஒத்துவரவில்லை. அதை விளக்க விவாத மேடை போதாது. பைடன் என்ற மனிதரையும், அந்த ஆண்டு கோடையில் ஜார்ஜ் ஃபிளாய்ட் கொலையை எதிர்த்து மினியாபொலிஸில் தொடங்கிய போராட்டங்களையும் சேர்த்து எழுத வேண்டியிருக்கும்.